'குடும்ப சமாதானத்துக்காக' என்று வரும் சீட்டுகள்

எங்கள் ஆலய வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைத் திறந்து சீட்டுகளை என் மேசைக்குக் கொண்டுவருவார்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாள், பிள்ளையின் ரஃப் நோட்டில் பாதி, மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் எழுதியிருப்பார்கள். பரீட்சை, வேலை, விசா, குழந்தை பாக்கியம், ஆப்பரேஷன் எல்லாம் வரும். ஆனால் அதிகம் வருவது ஒரே வரிதான்: 'குடும்ப சமாதானத்துக்காக.' பெரும்பாலும் பெயர் இருக்காது. கையெழுத்தை வைத்து யார் என்று தெரிந்துவிடும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

போதகராக என் ஊழியம் முழுக்க வட ஆற்காட்டுச் சபைகளில்தான். குடியாத்தம் பக்கம் இருந்திருக்கிறேன், ஆற்காடு பக்கம் இருந்திருக்கிறேன், இப்போது வேலூரை ஒட்டி. மாவட்டத்தை 1989-இல் ஒரு தடவையும் 2019-இல் ஒரு தடவையும் பிரித்தாயிற்று. ஆனாலும் எங்கள் பெரியவர்கள் வாயில் இன்னும் 'நார்த் ஆற்காடு'தான். எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அந்த ஒரு வரி எனக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

'வீட்ல சமாதானம் இல்ல ஐயா' என்று ஒருவர் சொன்னால் உடனே கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிடும் என்ற அவசரமும் இருக்கும். நான் எதனால் இல்லை என்று கேட்டுவிட்டுத்தான் ஜெபிப்பது. கேட்டால் முதலில் வருவது சத்துருவின் தந்திரம், பிசாசின் போராட்டம். சரி, இருக்கலாம். அப்புறம் கொஞ்சம் பொறுத்திருந்தால் உண்மையான சமாச்சாரம் வரும். பத்தில் பாதி வீட்டில் அது கடன்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் எங்கள் சபைப் பெண்கள் நிறையப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். விடிவதற்குள் சமைத்து, டிஃபன் கட்டி, கம்பெனி பஸ் பிடிக்க ரோட்டில் நிற்பார்கள். அவர்கள் கைச்சம்பளத்தை நம்பித்தான் குழுக் கடன் கொடுக்கிறார்கள். ஒரு குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட இன்னொரு குழுவில் வாங்குவது, அதற்கு நகையை அடகு வைப்பது என்று போகும். வீட்டுக்காரருக்குப் பாதிதான் தெரியும். அவர் தன் பங்குக்கு வட்டிக்கு வாங்கியது மனைவிக்குத் தெரியாது. தவணை நாள் வந்தால் காலையிலிருந்தே பாத்திரம் சத்தம் போடும். அதைத்தான் நாம் 'சமாதானம் இல்லை' என்கிறோம்.

இப்படிப்பட்ட வீடுகளில் நான் ஒரு காரியம் செய்கிறேன். புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுதச் சொல்வேன். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்த நாள் தவணை. எழுதி முடிக்கிறவரை நான் வாய் திறப்பதில்லை. ஒருவர் எழுதும்போது இன்னொருவர் 'இது எப்போ வாங்கினே?' என்று குதிப்பார். குதிக்கட்டும். எழுதியபிறகுதான் ஜெபம். எங்கள் சபையில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். எதை முதலில் அடைப்பது, எந்த நகையை மீட்காமல் விற்றுவிடுவது நல்லது என்று அவர் பார்த்துச் சொல்வார். அந்தத் தாளை பைபிளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். அது இருவரும் திறக்கிற இடம். கடன் அன்றைக்கே தீராது. ஆனால் ஒளித்துவைத்தது வெளியே வந்ததும் அந்த வீட்டில் பேச்சின் சுருதி மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குடி வேறு மாதிரி. அதற்கு ஜெபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும். வருஷக்கணக்காகக் குடிக்கிறவரை 'இன்றோடு விட்டுவிடு' என்று உணர்ச்சிவசப்படுத்தி ஒரேயடியாக நிறுத்தவைத்தால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரைக்கும் போகும். உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் சேர்த்து நிறுத்துவது விசுவாசக் குறைவு இல்லை. அதேபோல, அடிக்கிற வீட்டில் போய் 'பொறுத்துக்கொள்ளம்மா, ஜெபம் பண்ணு' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதை நான் ஊழியம் என்று நினைப்பதில்லை. அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் முதலில் பத்திரமான இடத்துக்கு அனுப்பவேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எங்கள் மாதர் கூட்டத்தில் மனப்பாட வசனம் மாதிரி சொல்லவைத்திருக்கிறேன்.

இனி குடும்ப ஜெபத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இந்தப் பக்கத்துச் சபைகள் பல, 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷனில் வேர்விட்டவை. கிராமங்களில் உபதேசியார் பொழுது சாய்ந்ததும் மணி அடிப்பார், காட்டிலிருந்து திரும்பினவர்கள் கைகால் கழுவிக்கொண்டு வருவார்கள், ஜெபம் முடிந்துதான் சோறு என்று எங்கள் ஆயாக்கள் சொல்வார்கள். அந்த ஒழுங்கு வீட்டுக்குள்ளும் வந்தது. ராத்திரி ஏழு மணி, பாய் விரித்து, நைனா நடுவில், ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், நீண்ட ஜெபம். நான் வளர்ந்த வீடும் அப்படித்தான்.

இன்றைக்கு அந்த ஏழு மணி எந்த வீட்டில் இருக்கிறது? வேலூரில் சபைக்கு ஒரு தெருவாவது நர்ஸ்கள் இருப்பார்கள். ஒரு வாரம் மார்னிங், ஒரு வாரம் ஈவினிங், ஒரு வாரம் நைட். கணவர் சிப்காட்டில் ஷிஃப்ட். பிள்ளை டியூஷனில். எல்லோரும் ஒரே கூரைக்கு அடியில் விழித்திருக்கிற நேரம் என்று ஒன்றே இல்லாத வீடுகள் உண்டு. அவர்களிடம் போய் ஏழு மணி ஜெபம் நின்றுபோனதால்தான் ஆவிக்குரிய வறட்சி என்று பிரசங்கம் செய்தால், அவர்களுக்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். ஜெபம் வராது.

எனவே நான் நேரத்தைக் கேட்பதில்லை. 'ஒரு நாளில் நீங்கள் எல்லோரும் எந்த இடத்தில் ஒன்றாக நிற்கிறீர்கள்?' என்று கேட்கிறேன். ஒரு வீட்டில் அது காலை ஐந்தேமுக்கால், அடுப்படி. அம்மா நைட் டூட்டி முடித்து வர இன்னும் நேரமிருக்கும் நாளில் அவர்களுக்கு அந்த இடமும் கிடையாது. அந்த வாரம் முழுக்க அந்த அம்மா வார்டிலிருந்து இறங்கி வந்து வண்டி எடுக்குமுன் வீட்டுக்கு ஃபோன் செய்வார், மகன் ஒரு சங்கீதம் படிப்பான், அவ்வளவுதான். இன்னொரு குடும்பத்துக்கு பைக்கில் பள்ளிக்கூடம் போகிற வழி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தால் கர்த்தருடைய ஜெபம். ரயில் நீளமாக இருந்தால் விசுவாசப் பிரமாணமும் சேர்த்து. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு, திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் நான் மனப்பாடம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நேரம் குறைவாக இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஜெபம் முடியுமுன் ஒன்று தூங்கிவிடும், இன்னொன்று அடிவாங்கும். வாசிப்பதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் 'சம்பவித்தது', 'பிரவேசித்தான்' என்று வரும்போது தடுக்கி விழுவார்கள். விழட்டும். நடுவில் நிறுத்தித் திருத்தவேண்டாம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே இதுதான் பல வீடுகளில் ஒரே வாய்ப்பு.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று: ஜெபத்தில் யாரையும் குத்தாதீர்கள். இதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். அப்பா ஜெபம் பண்ணுவார்: 'ஆண்டவரே, இந்த வீட்டில் சிலர் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ஃபோன் பார்க்கிறார்கள், அவர்கள் கண்களைத் திறந்தருளும்.' பையன் கண் ஏற்கெனவே திறந்துதான் இருக்கும், அப்பாவை முறைத்துக்கொண்டு. அடுத்து அம்மா: 'பெரியவர்களை மதிக்கிற மருமகளைக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம்.' மருமகளுக்கு அது எந்த விஷயம் என்று தெரியும். நேராகச் சொல்லப் பயந்த எல்லாவற்றையும் கடவுளைச் சாட்சிக்கு உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறோம். பதில் பேசவும் முடியாது, ஜெபமாயிற்றே. இப்படி வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் முதலில் விடுவது குடும்ப ஜெபத்தைத்தான். அவர்களைப் பொறுத்தவரை அது வாரம் முழுக்க நடக்கிற பஞ்சாயத்து. ஃபோனைப் பற்றிப் பேசவேண்டுமா, சாப்பிட்டபிறகு வாசலில் உட்கார்ந்து பேசுங்கள். ஜெபத்தில் அந்தப் பையனுக்காக நன்றி மட்டும் சொல்லுங்கள். முதலில் வார்த்தை வராது. வராதபோது, நன்றி சொல்ல ஒன்றுகூடத் தோன்றவில்லையே என்று அப்பாவுக்கே உறைக்கும்.

வீட்டில் ஒருவர் மட்டும் விசுவாசியாக இருக்கிற குடும்பங்களும் இந்தப் பக்கம் கணிசம். பெரும்பாலும் அது மனைவி. குடியாத்தத்தில் இருந்தபோது சித்திரை கடைசியில் யாராவது ஒரு சகோதரி இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார்: 'ஐயா, கெங்கையம்மன் சிரசு அன்னிக்கு மாமியார் வீட்ல எல்லாரும் கூடுவாங்க. என்னையும் வரச் சொல்றாங்க. நான் இன்னா பண்றது?' வைகாசி முதல் தேதி அந்த ஊரே அம்மன் சிரசு ஊர்வலத்தின் பின்னால் போகும். வெளியூரில் பிழைப்புக்குப் போனவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள். போகாதே, அது ஆபத்து என்று சொல்லிக்கொடுக்கிற ஊழியர்கள் உண்டு. நான் போகச் சொல்லுவேன். 'முதல் நாளே போம்மா. காய் நறுக்கு, பாத்திரம் கழுவு, வந்த நாத்தனார் பிள்ளைகளைப் பார்த்துக்கோ. சாமி கும்பிடுற நேரத்துல அத்தைகிட்ட மரியாதையா சொல்லிட்டு ஒதுங்கி நில்லு. படைச்சதைச் சாப்பிடுறது உன் மனசாட்சியைப் பொறுத்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போதே இந்தக் கேள்வி இருந்தது.' வருஷம் முழுக்க வேலைக்கு வராத மருமகள் திருவிழா அன்றைக்கும் முகம் திருப்பிக்கொண்டால், அந்தக் குடும்பத்துக்கு இயேசுவைப் பற்றி என்ன தெரியவரும்? மருமகளைப் பறித்துக்கொண்டவர் என்றுதான் தெரியும்.

என் இந்த யோசனையை ஒத்துக்கொள்ளாத சக போதகர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அப்படிப் போய்வந்த ஒரு சகோதரியின் மாமியார், கால் எலும்பு முறிந்து படுத்தபோது, 'உங்க ஐயரைக் கூட்டினு வா, வந்து ஜெபம் பண்ணட்டும்' என்று சொல்லியனுப்பினார். போனேன். நெற்றியில் திருநீறோடுதான் படுத்திருந்தார். ஜெபித்துவிட்டு வந்தேன். அவர் கடைசிவரை சபைக்கு வரவில்லை. நானும் அதற்காகப் போகவில்லை.

அடுத்தது திருவிருந்து. தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவாகி, அதற்கென்று ஆராதனை முறையை எழுதியபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அப்பமும் திராட்சரசமும் வருமுன் சமாதானம் கைமாறவேண்டும். ஆயர் உதவியாளருக்குக் கொடுப்பார், அவர் முதல் வரிசைக்கு, அங்கிருந்து ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு. வலது உள்ளங்கையோடு உள்ளங்கை சேர, இடது கைகள் மேலே மூடிக்கொள்ளும். கேரளத்துச் சிரியன் சபைகளின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்தது. கொரோனாவுக்கு அப்புறம் எங்கள் சபையில் பலர் கும்பிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நான் விடாமல் கையைத்தான் நீட்டுகிறேன்.

நான் முன்பு இருந்த ஒரு கிராமச் சபையில் அண்ணன் தம்பி இருவர். பாகம் பிரித்தபோது கிணறு பொதுவில் நின்றது. மோட்டார் யார் எந்த நாள் போடுவது என்பதில் பேச்சு முறிந்தது. அண்ணன் ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசை ஓரம், தம்பி கடைசி வரிசை, வாசலை ஒட்டி. எதேச்சையாக உட்கார்ந்ததில்லை அது. நடுவில் எத்தனை கை மாறினாலும் ஒருவர் கை இன்னொருவர்மேல் படாது. விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மட்டும் இருவரும் சந்திப்பார்கள். அண்ணன் கேட்ட பூசணிக்காயைத் தம்பி விலை ஏற்றுவார். நாற்பது ரூபாய்ப் பூசணிக்காய் ஆயிரத்தைத் தாண்டும். சபைக்கு வரும்படி. சபையை நிர்வகிக்கும் குருசேகரக் கமிட்டியில் யாருக்கும் அதை நிறுத்த மனசில்லை!

காணிக்கை படைக்க வருகிறவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகட்டும் என்று இயேசு சொன்னது மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை வைத்துப் பிரசங்கம் செய்து ஒருவரும் மாறவில்லை. எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக, ஈஸ்டருக்கு முந்தின ஒரு லெந்து காலத்தில் வீட்டு ஜெபக் கூட்டங்களுக்கு அட்டவணை போடும்போது, அண்ணன் வீட்டுக் கூட்டத்தில் வேதம் வாசிப்பது தம்பி மகள் என்றும், தம்பி வீட்டுக் கூட்டத்தில் பாட்டு நடத்துவது அண்ணன் மகன் என்றும் போட்டேன். பிள்ளைகளுக்குள் சண்டை இல்லை, பள்ளிக்கூடத்தில் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள். பெரியவர்கள் எதிர்க்கவும் வழியில்லை, ஜெபத்துக்குத்தானே வருகிறது. தம்பி மகள் பெரியப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதும் பெரியம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, 'உள்ள வாடி, இன்னா வாசல்லயே நிக்கிற' என்றார். எனக்கு அன்றைக்கு அதுவே போதும்.

அந்தச் சகோதரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. கிணற்று முறையை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவைத்தார்கள். இப்போது திருவிருந்து ஞாயிறுகளில் கை கொடுத்துக்கொள்கிறார்கள் என்று அங்கே இப்போதிருக்கும் போதகர் சொன்னார். ஒருவர் வீட்டில் ஒருவர் இன்னும் சாப்பிடுவதில்லை.

எழுப்புதல் கூட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. மே மாதம் வந்தால் எங்கள் பக்கம் மைதானத்துக்கு மைதானம் பந்தல். வேலூர் வெயிலில் பகல் முழுக்க வெந்த மண் ராத்திரியும் சுடும், ஆனாலும் ஜனம் வரும். நானும் அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில்தான் வாலிபத்தில் முழங்கால் போட்டேன். எனவே அவற்றைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கவனிக்க வேண்டியது கூட்டம் முடிந்த மறுநாள். மூன்று ராத்திரி அழுது ஜெபித்துவிட்டு வந்த அம்மா நாலாம் நாள் காலையில் தூக்கமில்லாமல் பிள்ளையை அறைகிறார். 'அல்லேலூயா போட்டுட்டு வந்து இதுதானா?' என்று வீட்டுக்காரர் கேட்கிறார். முடிந்தது. இப்போதெல்லாம் கன்வென்ஷனுக்குப் போகிறவர்களிடம் சொல்லியனுப்புகிறேன்: மறுநாளைக்கு மாவு ஆட்டி வைத்துவிட்டுப் போங்கள், சீக்கிரம் தூங்குங்கள், அங்கே எடுத்த தீர்மானத்தை வீட்டில் அறிவிக்காதீர்கள், ஒரு மாதம் செய்து பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் தாங்களே கண்டுபிடித்துக் கேட்டால் அப்போது சொல்லலாம்.

எலியாவைப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கின கொஞ்ச நாளிலேயே அந்த மனுஷன் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். முதலாம் இராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரம். பரலோகத்திலிருந்து வந்த தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறார். பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, மெல்லிய சத்தம் எல்லாம் அப்புறம்தான், ஓரேப் மலையில். இதை நான் ஊழியர் கூட்டங்களில் அடிக்கடி எடுப்பேன். வறண்டுபோனேன் என்று வருகிற போதகரிடம் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், சுகர் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பது. உபவாசம் இரண்டாவது.

எங்கள் வீட்டில் திங்கட்கிழமை என் பெண்சாதியின் நாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. சாயங்காலம் அவள் வந்ததும் இருவரும் கோட்டைக்குப் போவோம். அகழிக்கரையில் ஒரு சுற்று, உள்ளே புல்தரையில் கொஞ்ச நேரம். ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, 1846-இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் ஆலயம் எல்லாம் அந்த மதிலுக்குள்தான் இருக்கின்றன. சபை விஷயம் பேசக்கூடாது என்பது அவள் வைத்த சட்டம். பேசினால் சுண்டல் எனக்குக் கிடையாது. மரணச் செய்தி தவிர வேறு எதற்கும் திங்கள் மாலை ஃபோன் எடுப்பதில்லை என்று சபையில் சொல்லிவிட்டேன். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது மற்றவர்களிடம் அவர்களே, 'இன்னிக்கு திங்கக்கெழம, ஐயா எடுக்கமாட்டார்' என்கிறார்கள்.

போதகர் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏலியின் குமாரர், சாமுவேலின் குமாரர் என்று வேதத்திலேயே இந்தக் கதை தொடங்கிவிடுகிறது. 'பாஸ்டர் பிள்ளையா இருந்துகொண்டு' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை எந்தப் பிள்ளையும் விரும்பாது. ஆயர் இல்லத்துக்குக் கதவு இருந்தும் இல்லாத மாதிரி. யாரும் எப்போதும் வரலாம், வந்தவர் ஃபிரிட்ஜ் புதுசா என்று கேட்கலாம். நாங்கள் செய்வது, பிள்ளைகள் அறை ஒன்றைச் சபையார் நுழையாத இடமாக வைத்தது. பிரசங்கத்தில் அவர்களைப் பற்றிய சம்பவம் எதையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையில் அவர்கள் இவ்வளவு குறைவாக வருவதற்கும் அதுதான் காரணம். கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வேலூரில் இருந்துகொண்டு ஐடா ஸ்கடரைப் பற்றிப் பேசாத பிரசங்கியார் கிடையாது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் பெண்ணைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டரான அப்பாவை உள்ளே விடமாட்டார்கள், இவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரிதான் அவரை மருத்துவம் படிக்கவைத்தது. 1900-இல் வேலூரில் அப்பா வீட்டு அறை ஒன்றில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. இதை அழைப்பின் சாட்சியாக எல்லோரும் சொல்கிறோம். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின பகுதி. அந்தப் பெண் ஊழியம் செய்ய திண்டிவனத்துக்கு வரவில்லை. மிஷனரி வாழ்க்கையே வேண்டாம், அமெரிக்காவில் குடித்தனம் நடத்தப்போகிறேன் என்று இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தார். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோதுதான் கதவு தட்டப்பட்டது.

வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்வதால் ஊழியத்துக்கு வரமுடியவில்லை, சபை வேலை செய்யமுடியவில்லை என்று வருத்தப்படும் பெண்களிடம் இதைச் சொல்லுவேன். படுக்கையில் இருப்பவரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுக்கிறவருக்கு ஞாயிறு ஆராதனை தவறினால் அந்த வீட்டுக்கு நாங்கள்தான் போகவேண்டும். திருவிருந்தை எடுத்துக்கொண்டு போவோம். கூடவே மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு மத்தியானம் நோயாளியோடு இருப்பார். அந்த நேரத்தில் அவர் தூங்கலாம், சினிமாவுக்குப் போகலாம், சும்மா பஸ் ஏறி கடைத்தெரு சுற்றிவிட்டு வரலாம். எங்கே போனார் என்று கேட்கக்கூடாது. மாதர் சங்கத்தில் இந்தக் கடைசி விதிக்குத்தான் பெரிய விவாதம் நடந்தது.

கடைசியாக, வாலிபர் கூட்டத்தில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி. வீடியோ காலில் செய்வது குடும்ப ஜெபம் ஆகுமா? எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் அதிகம். குவைத், துபாய், சென்னை, பெங்களூரும் உண்டு. தாராளமாக ஆகும். சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டால் போதும். வெளியூரில் இருப்பவர் முதலில் ஜெபிக்கட்டும், எல்லையில் சிக்னல் எப்போது போகும் என்று தெரியாது. பணம் அனுப்பியாச்சா என்ற பேச்சை அந்த அழைப்பில் எடுக்கவேண்டாம், அதற்குத் தனியாக ஒரு ஃபோன். பேரப்பிள்ளைகள் படம் வரைந்து காட்ட ஒரு நிமிஷம் விடுங்கள். நான் போகும் ஒரு வீட்டில் தாத்தா, பட்டாளத்தில் இருக்கும் மகனோடு வாரம் ஒருநாள் இப்படி ஜெபிக்கிறார். பாதி நேரம் திரையில் அவர் நெற்றி மட்டும்தான் தெரியும், மீதி நேரம் மின்விசிறி. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று அந்தப் பாட்டி எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறார், எனக்கும் சேர்த்து.